ஏழுமலை மாஸ்டரும் சிறுகுறிஞ்சானும்

சிறுகுறிஞ்சான் இலையை நீங்கள் எல்லோரும் கல்லூரியில் ஒருமுறையாவது மென்றிருப்பீர்கள். எங்களுக்கும் முதலாம் ஆண்டில் கொடுத்தார்கள். இரண்டு இலையை நன்றாக மென்று, சாற்றை நாக்கில் படரவிட்டுத் துப்பியபின் ஒரு சிட்டிகை சர்க்கரையைப் போட்டால் அது வெறும் மணல். புளிப்பு தெரியும், உப்பு தெரியும், கசப்பு நன்றாகவே தெரியும். இனிப்பு மட்டும் அரை மணி நேரத்துக்கு, சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கு, இருக்கும் இடம் தெரியாது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மூலிகைகளின் குணங்களை நீங்கள் படித்துத் தேர்வு எழுதித்தான் வந்திருக்கிறீர்கள். அதை நான் திருப்பிச் சொல்வதற்கில்லை. இந்த இலையைக் கொடுத்து ஒரு மனிதரை நான் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். எங்கள் பிரிவு மருத்துவமனையின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி இரண்டு அறைகளில் இருந்தது. ஒன்றில் நான். இன்னொன்றில் மருந்தாளுநர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். எனக்கும் அப்படித்தான்.

ஏழுமலை மாஸ்டர் ஓர் ஆவணி மாதத்தில் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தேரடி வீதிப் பக்கம் ஒரு மிட்டாய்க் கடையில் இருபது வருஷமாக இனிப்பு போடுகிறவர். ஜாங்கிரி அவர் கைக்குப் பேர்போனது. உட்கார்ந்ததும் சொன்னார்:

"சக்கரை இருக்குதும்மா. பெரிய டாக்டரு ஒருத்தரு மாத்திரை எழுதிக் குடுத்தாரு..."

நான் அவரை முடிக்கவிடவில்லை. அன்று காலையில்தான் வேறொரு நோயாளி, உங்கள் தழை மருந்தெல்லாம் சும்மா என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த எரிச்சல் ஆறவில்லை. "அங்க மாத்திரை வாங்குனா அங்கயே பாத்துக்க வேண்டியதுதானே. அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். "இல்லம்மா, அத்த வுட்டுட்டேன்" என்றார். நான் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தேன்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் உண்மை சொல்லத்தான் வந்தார். ஒரே வாக்கியத்தில் நான் அவரைப் பொய் சொல்ல வைத்தேன்.

அவருடைய கஷ்டம் மாத்திரையால் தீருகிற கஷ்டமும் இல்லை. "பாகு பதம் விரல்ல தெரிஞ்சுடும்மா. ஆனா ஒரு ஈடு எடுத்தா ஒண்ணு வாயில போட்டுப் பாக்காம இருக்க முடியல. ஒரு நாளைக்கு எவ்ளோன்னு எனக்கே கணக்கு இல்ல" என்றார். எனக்கு உடனே வகுப்பறை ஞாபகம் வந்தது. சிறுகுறிஞ்சான் சூரணத்தைக் கொடுத்ததோடு, ஒரு காய்ந்த கொடியையும் காட்டி, இதே இலை வேலிகளில் பச்சையாகக் கிடைக்கும், வேலை தொடங்கும் முன் இரண்டு மென்றுவிட்டு அடுப்படிக்குப் போங்கள், இனிப்பு மண்ணாகத் தெரியும், ஆசை தானாகப் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

அது வேலை செய்தது. ரொம்ப நன்றாக வேலை செய்தது. மூன்றாம் வாரம் வந்தவர், "ஜாங்கிரியக் கடிச்சேம்மா, உளுந்த வடை மாதிரி இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். ருசி பார்க்கும் வேலையைச் சம்சாரத்திடம் விட்டுவிட்டாராம். அந்த அம்மாள் பேர் பச்சையம்மாள். சீசனில் உளுந்து அரைக்கவும் பெட்டி கட்டவும் அவரோடு அடுப்படியில் நிற்பவர்.

அந்தக் காலத்தில் எங்களிடம் விரலைக் குத்திப் பார்க்கும் கருவி கிடையாது. நீலக் கரைசலில் சில சொட்டு சிறுநீரை விட்டுச் சூடு பண்ணுவோம். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை ஜாஸ்தி. மஞ்சள், பச்சை என்று இறங்கி, நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. மாஸ்டரின் சோதனைக் குழாய் முதல் நாள் செங்கல். இரண்டு மாதத்தில் நீலம். நான் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். மருத்துவமனையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த மிட்டாய் மாஸ்டர் கதையைச் சொன்னேன். நீலம் என்றால் சர்க்கரை சிறுநீரில் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். ரத்தத்தில் எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதை அந்த நீலம் சொல்லாது. இது எனக்குத் தெரியாததல்ல. சந்தோஷத்தில் நான் அதை யோசிக்கவில்லை. இலையும் சூரணமும் மட்டும் இவ்வளவு சீக்கிரம் இறக்குமா என்ற கேள்வியும் வந்திருக்க வேண்டும். அது வந்திருந்தால் என் பெருமை போயிருக்கும். அதனாலோ என்னவோ வரவில்லை.

கார்த்திகை வந்தது. தீபத்தன்று மருத்துவமனையில் எல்லோருக்கும் விசேஷப் பணி. நடந்து நடந்து மயங்கி விழுபவர்கள், கால் கொப்பளித்தவர்கள், கூட்டத்தில் மிதிபட்டவர்கள் என்று அவசரப் பிரிவு வாசல் வரைக்கும் ஆட்கள். மதியம் ஒரு மணி வாக்கில் அவசரப் பிரிவு உதவியாளர் ஒருவர் வேகமாக என் அறைக்கு வந்தார்.

"மேடம், டூட்டி டாக்டர் கூப்புடறாரு. தழை சாப்ட்ட கேசு ஒண்ணு வந்திருக்குது. அந்தம்மா உங்க பேரச் சொல்லுது."

இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். அவசரப் பிரிவில் 'தழை சாப்பிட்டுவிட்டார்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். விஷத் தழை. நான் போனபோது மாஸ்டரைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். செவிலியர் கையில் வயிற்றைக் கழுவுவதற்கான குழாய் தயாராக இருந்தது. பச்சையம்மாள் கால்மாட்டில் நின்று, கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். "தழைதாங்க. சித்தா டாக்டரம்மா குடுத்த தழை."

டூட்டி டாக்டர் என் வயதுக்காரர். பார்த்தால் தலையாட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"மேடம், என்ன குடுத்தீங்க இவருக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அங்கே இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது நோயாளியைப் பற்றியது அல்ல. என் தழையால் இப்படி ஆகாது, வேறு ஏதோ சாப்பிட்டிருக்கிறார் என்று சொல்லிவிட வேண்டும் என்பதுதான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. நான் அப்படிச் சொல்லியிருந்தால் அவர்கள் விஷம் என்றே முடிவுகட்டிக் குழாயை இறக்கியிருப்பார்கள்.

நான் பச்சையம்மாளைக் கேட்டேன். "எப்படிம்மா விழுந்தாரு?"

"காலைல இருந்து ஒண்ணும் துன்னலம்மா. வேல ஜாஸ்தி. எண்ணெ சட்டிகிட்ட நின்னுக்கினே இருந்தாரு. கையி நடுங்குது, சொக்கா தொப்பலா நனைஞ்சிருக்குது, நான் ஒண்ணு கேட்டா அவரு ஒண்ணு சொல்றாரு. மயக்கம் போலன்னு ஒரு கை சக்கரைய அள்ளி வாயில போட்டேன். 'மண்ணு, மண்ணு'ன்னு துப்பிட்டாரு. மறுக்கா போட்டேன். மறுக்காவும் துப்பிட்டாரு. அப்புறம் அப்டியே சாஞ்சுட்டாரு."

வியர்வை, நடுக்கம், உளறல், காலி வயிறு. அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருள் சர்க்கரை. அதை அவர் மனைவி சரியாகவே வாயில் போட்டிருக்கிறார். நான் கற்றுக்கொடுத்த இலை அதை மண்ணாக்கித் துப்ப வைத்திருக்கிறது.

"சார், அவர் மென்னது சிறுகுறிஞ்சான். விஷத் தழை இல்ல. சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கு. முதல்ல குளுக்கோஸ் ஏத்துங்க."

"உங்க தழை இவ்ளோ தூரம் இறக்குமா?"

ஆமாம் என்றால் குற்றம் என்னுடையது. இல்லை என்றால் குளுக்கோஸ் தாமதமாகும்.

"தெரியல சார்" என்றேன். "எனக்கு அது தெரியல. ஆனா அவர் வேர்த்திருக்கறத பாருங்க. குளுக்கோஸ் போட்டு நான் சொன்னது தப்பாப் போனா ஒண்ணும் நஷ்டமில்ல. போடாம வுட்டா நேரம் போயிடும்."

அவர் செவிலியரிடம் குழாயை வைக்கச் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, அதே ஊசி வழியாக அடர்த்தியான குளுக்கோஸை ஏற்றினார். மருந்து பாதி ஏறுவதற்குள் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். முழுதும் ஏறியதும், "எண்ணெ காயுதே, அடுப்ப அணைச்சாங்களா?" என்று கேட்டார். பச்சையம்மாள் அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுத மாட்டேன். சரியான நேரத்தில் சரியாகச் சொன்ன கதையாக அதை நானும் வெளியில் சொல்லித் திரிந்திருப்பேன்.

வெளியே ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில் இல்லை. மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். தெளிவாகப் பேசினார். ஜாங்கிரி மாவு புளித்துவிடும், போக வேண்டும் என்று அவரே கேட்டார். டூட்டி டாக்டருக்கும் அனுப்பிவிடத்தான் எண்ணம். "சாப்ட்டாச்சு, நல்லாத்தான் இருக்காரு. தழைய மட்டும் நிறுத்தச் சொல்லிடுங்க மேடம்" என்றார்.

எனக்கு மட்டும் உறுத்தியது. முன்பு பெருமைக்காகக் கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. டாக்டர் நகர்ந்ததும் நான் மாஸ்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லம்மா. அதான் வுட்டுட்டேன்னு சொன்னேனே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மொத நாள் நான் உங்களக் கேட்டது தப்பு. இங்க எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேனே, அது. அன்னிக்கு வேற ஒருத்தர் மேல இருந்த கோவத்த உங்ககிட்ட காட்டிட்டேன். இப்ப நான் கோச்சுக்க மாட்டேன். சொல்லுங்க" என்றேன்.

ஒரு டாக்டர் தன்னிடம் தப்பு என்று சொல்வது அவருக்குப் பழக்கமில்லை போல. சங்கடத்தோடு பச்சையம்மாளைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வுடலம்மா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு சாப்ட்டுக்கினுதான் இருக்கறேன். நீங்க கோச்சுக்குவீங்கன்னு சொல்லல. அந்த டாக்டருகிட்ட தழை சாப்புடறத சொல்லல, அவரும் கோச்சுக்குவாரு. தீபத்துக்கு வேல ஜாஸ்தி, வாய் கட்டுப்படாதுன்னுட்டு இன்னிக்குக் காலைல ரெண்டு மாத்திரையா போட்டுக்கினேன். தழையும் மூணு தடவ மென்னேன்."

பச்சையம்மாளுக்கே இது புதிது. "எங்கிட்டயும் சொல்லலயே" என்று மட்டும் கேட்டார்.

மாத்திரையின் பெயரை மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு நான் டூட்டி டாக்டரைத் தேடிப் போனேன். அந்தப் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் வரைக்கும் அடங்காது, குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி கீழே இழுக்கும் என்றார். "கூடவே உங்க தழை எவ்ளோ நேரம் இருக்கும்?" என்று கேட்டார். நாக்கில் ஒரு மணி நேரம், உடம்புக்குள் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது என்றேன். அன்று அதே வார்த்தையை இரண்டாம் முறையாகச் சொன்னேன். அவர் ஆண்கள் வார்டில் ஒரு கட்டிலை மூலையில் ஒதுக்கி, பாட்டிலைத் தொங்கவிடச் சொன்னார். மாஸ்டர் மாவு வீணாவதைப் பற்றிப் புலம்பிக்கொண்டே படுத்தார்.

எனக்கு வேலை நேரம் முடிந்தது. வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. வார்டிலேயே இருந்தேன்.

ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏற்றும்போது அந்த வார்டில் நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். செவிலியர்களும் கதவருகே நின்று கைகூப்பினார்கள். பச்சையம்மாளையும் நான்தான் போகச் சொன்னேன். வெளியே அரோகரா சத்தம் எழும்பியது. மாஸ்டர் படுத்தபடியே கையைத் தலைக்குமேல் தூக்கினார். தூக்கிய கை லேசாக நடுங்கியது. மேலுதட்டில் பொடிப் பொடியாக வியர்வை. "மாஸ்டர்" என்று கூப்பிட்டேன். "ஈடு எடுத்தாச்சா?" என்று என்னைக் கேட்டார். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் போட்ட சத்தத்தில் செவிலியர் ஓடி வந்தார். மறுபடி ஊசி, மறுபடி குளுக்கோஸ். இந்த முறை விழிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. மறுநாள் சாயங்காலம் வரை பாட்டில் ஓடியபடியே இருந்தது. மதியமே அனுப்பியிருந்தால் அந்த நேரத்தில் அவர் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நின்றிருப்பார்.

அதற்கு மறுநாள் வீட்டுக்குக் கிளம்பும்போது மாஸ்டர் கேட்டார். "மாத்திரைய வுட்டுடட்டாம்மா? தழை மட்டும் வச்சுக்கட்டா? அதுதான் எனக்கு ஒத்துக்குது."

இலை அவரிடம் நன்றாக வேலை செய்தது என்பது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு இலையின் வேலை, எவ்வளவு மாத்திரையின் வேலை என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. இரண்டையும் கூட்டிக் குறைத்து நடத்துவதென்றால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு அன்று எங்களிடம் வசதியில்லை. அடுப்படியில் வேளைக்குச் சாப்பிடாத மனிதர் வேறு.

"தழைய வுட்டுடுங்க. மாத்திரைய டாக்டர் சொல்ற அளவு மட்டும் சாப்பிடுங்க. சாப்பாட்ட வேளைக்குச் சாப்பிடுங்க" என்றேன். நடந்ததை முழுதாக எழுதி, அவருக்கு மாத்திரை கொடுத்த டாக்டருக்கு ஒரு கடிதமும் கொடுத்தனுப்பினேன். அவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, என் கடிதத்தின் பின்பக்கத்திலேயே நாலு வரி பதில் எழுதி அனுப்பினார்.

எங்கள் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. கடிதம் கொடுத்த அன்று சாயங்காலம், மருந்து அரைக்கும் கல்வத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நம்ம மருந்த நாமளே வேணாம்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் இங்க வருவான்? அவங்க மாத்திரையத்தான் நிறுத்தச் சொல்லணும் நீ."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் இரண்டு அறைகளைக் காப்பாற்ற அவர் பட்டபாடு எனக்குத் தெரியும். நான் அவரோடு வாதாடவில்லை. "மாஸ்டர் என்கிட்ட மறச்சதுக்குக் காரணமே இந்தப் பேச்சுதாண்ணே" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சீட்டு கொடுக்கும்போது அவரே ஒரு பெரியவரிடம், "வேற எங்க மருந்து வாங்குறீங்க? மறைக்காம சொல்லுங்க, யாரும் இங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னோம். முதல் வாரமே எனக்குத் தலை சுற்றியது. பத்துப் பேரில் ஆறு ஏழு பேர் எங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிறுகுறிஞ்சானை நான் அதற்குப் பிறகும் கொடுத்திருக்கிறேன். நீங்களும் கொடுப்பீர்கள். நல்ல மூலிகை. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்கு மட்டும், அதைக் கொடுத்த வைத்தியருக்குத் தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் ரத்தத்தைப் பாருங்கள். சிறுநீரின் நீலத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பிய அன்று மாஸ்டர் இன்னொன்றும் கேட்டார். "தழை இல்லாம ஆசை வந்தா இன்னாம்மா பண்றது?" "வந்தா இங்க வந்து சொல்லுங்க" என்றேன். பேச்சுக்குத்தான் சொன்னேன்.

அவர் வந்தார். பத்து நாளைக்கு ஒருமுறை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மற்றவர்களைப்போல வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு வருவார். "மூணு நாளா வாயில ஒண்ணும் வைக்கலம்மா" என்பார். அல்லது, "நேத்து ரெண்டு ஜாங்கிரி" என்பார். நான் திட்டியதில்லை. கால் பாதத்தைப் பார்ப்பேன், என்ன சாப்பிட்டார் என்று கேட்பேன். கிளம்பிவிடுவார். நான் புறநோயாளிப் பதிவேட்டில் அவர் பெயரையும் வயதையும் எழுதுவேன். மருந்துக் கட்டம் காலியாக இருக்கும்.

சில வருஷங்கள் கழித்து ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர், மருந்தே இல்லை, எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக எழுதுகிறீர்களா என்றார். அன்று தற்செயலாக மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் அது என்று காட்டினேன். அதிகாரி அவரைக் கூப்பிட்டார்.

"உங்களுக்கு இங்க என்ன வைத்தியம் பண்றாங்க?"

மாஸ்டர் எழுந்து நின்றார்.

"மாத்திரை வேற எடத்துல வாங்குறேன் சார். இங்க கேப்பாங்க. நான் சொல்லுவேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மருந்துக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. நான் அங்கிருந்த வரைக்கும் அது காலியாகத்தான் இருந்தது.